ஏழாம் பக்கத்தில் முனைவர், இருபத்து மூன்றாம் பக்கத்தில் மாணவி

அனுப்புநர்
முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர், வரலாற்றுத் துறை,
மகளிர் விடுதி, தரைத்தளம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய அறை.
(சிறப்பு மலரின் ஏழாம் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பவர்)

பெறுநர்
மாண்புமிகு துணைவேந்தர் அவர்கள்,
நிர்வாகக் கட்டடம்.

நகல்
மதிப்பீட்டுக் குழுத் தலைவர் அவர்கள்
(தயாராக உள்ளது, இன்னும் கொடுக்கப்படவில்லை)

பொருள்: பல்கலைக்கழகத்தின் சாதனையாகவும் வருங்காலத் தேவையாகவும் ஒரே மலரில் என்னை அச்சிட்டிருப்பது – வாய்மொழித் தேர்வுக்குத் தேதி தராமல் நிறுத்தி வைத்திருப்பது – தேதி வழங்கவும், பூட்டிய வாசிப்பு மையத்தைத் திறக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நான் முன்பு அளித்த மனுக்கள். (இந்த இடத்தில் இந்தச் சொல்லை எழுதுவது அலுவலக மரபு. என்னைக் கேட்டு வைக்கவில்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பிறவியிலேயே கண் பார்வை இல்லாதவள். இதை முதல் வரியிலேயே சொல்வது இரக்கம் கேட்பதற்காக அல்ல. இந்தப் பல்கலைக்கழகத்தில் என்னைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒரே விஷயம் அதுதான் என்பதால், தாங்கள் அடையாளம் கண்டுகொள்ள வசதியாக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல என் அக்கா இந்த மனுவை எழுதுகிறார். அவர் தையல் கடை வைத்திருப்பவர். கையெழுத்து கோடு போட்டதுபோல் வரும். கோபம் அப்படி ஒரு கோட்டில் நிற்காது. நிர்வாகத்தைக் குறித்து அவர் சேர்க்கச் சொன்ன சில சொற்களை மரியாதை கருதித் தவிர்த்திருக்கிறேன். எங்கெங்கே தவிர்த்தேன் என்பது படிக்கும்போதே தங்களுக்குப் புரியும்.

விதிப்படி இந்த மனு நெறியாளர், துறைத்தலைவர், ஆய்வுப் பிரிவு, பதிவாளர் என்று படிப்படியாக ஏறித்தான் தங்களிடம் வரவேண்டும். முந்தைய மனுக்களை அப்படித்தான் ஏற்றினேன். அவை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன. ஆய்வுப் பிரிவின் மேல் சொல்லும் புகாரை ஆய்வுப் பிரிவின் கையிலேயே கொடுத்தனுப்புவது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது. ஆகவே நேரடியாக எழுதுகிறேன். விதிமீறலுக்கு மன்னிக்க வேண்டும்.

1. முதலில் நன்றி. மனுக்களில் நன்றி கடைசியில் வருவதுதான் வழக்கம். கடைசிக்குப் போய்ச் சேரும்போது எனக்கு அந்த மனநிலை இருக்குமா என்பது சந்தேகம் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் சில தனியார் கல்லூரிகளில் விண்ணப்பித்தேன். ஒன்றில் மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது என்றார்கள். இன்னொன்றில் நான் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். வேறொன்றில் இசை வகுப்பில் சேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். எனக்குப் பாட்டு சுட்டுப்போட்டாலும் வராது. இந்த அரசுப் பல்கலைக்கழகம் மட்டும் என் மதிப்பெண்ணைப் பார்த்து இடம் கொடுத்தது. வேறு எதையும் கேட்கவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக நான் சாகும்வரை இந்தப் பல்கலைக்கழகத்தைத் திட்டமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

இங்கே எனக்குக் கிடைத்தவையும் கொஞ்சமல்ல. நூலக உதவியாளர் ஒருவர் மதிய இடைவேளையில் பழைய நகராட்சி அறிக்கைகளை எனக்கு வாசித்துக் காட்டுவார். வாயில் சோறு இருக்கும்போதே வாசிப்பார் என்பதால் சில புள்ளிவிவரங்களை இரண்டாவது முறை கேட்க வேண்டியிருக்கும். வகுப்புத் தோழி ஒருத்தி அட்டையில் நூலை ஒட்டி, குடிநீர்க் குழாய்கள் எந்தெந்தத் தெருவுக்குள் போயின என்று என் விரலுக்காக ஒரு வரைபடம் செய்து கொடுத்தாள். என் நெறியாளர் மற்ற மாணவர்களை என்ன திட்டு திட்டுவாரோ அதே திட்டை எனக்கும் திட்டினார். ஒரு சொல்கூடக் குறைக்கவில்லை. இவற்றை நான் சாதனைகள் என்பேன். மலரில் இவற்றில் ஒன்றும் இல்லை.

2. இனி மையம். நான் முதுகலை முடிக்கும் தறுவாயில், முதன்மை நூலகத்தின் முதல் மாடியில் பார்வையற்றோர் வாசிப்பு மையம் திறக்கப்பட்டது. கதவருகே மையத்தின் பெயரைத் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தில் பொறித்து ஒரு பித்தளைப் பலகை மாட்டியிருப்பதாகச் சொன்னார்கள். அதை நான்தான் முதலில் படிக்க வேண்டும் என்று என் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப் போனார்கள். கையை வைத்தேன். வழவழவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே தடவினேன். அங்கேயும் வழவழப்புதான். பலகையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மூலைக்கு மூலை திருகாணி முடுக்கியிருந்தார்கள்.

கட்டுமானப் பிரிவுப் பொறியாளர் பக்கத்தில் நின்று விளக்கினார்: "கை பட்டுப் பட்டு அழுக்காயிடும்னுதாம்மா கண்ணாடி போட்டோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். நாலு பேர் கைதட்டும் இடத்தில் சிரிக்காமல் நிற்க எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கண்ணாடி இன்றும் இருக்கிறது. ஈரத்துணியும் காகிதமும் கொண்டு பளபளவென்று துடைத்து வைப்பதாகத் துப்புரவுப் பணியாளர் அக்கா சொல்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்கிறார்.

3. திறந்த அன்று மாலையே மையம் பூட்டப்பட்டது. கட்டுமானப் பிரிவு முறைப்படி ஒப்படைக்கவில்லை என்பதால் நூலகர் திறக்க முடியாது. நூலகம் முறைப்படி ஏற்றுக்கொள்ளவில்லை என்பதால் கட்டுமானப் பிரிவும் திறக்காது. சாவி பதிவாளர் அலுவலகத்தில், விருந்தினர் மாளிகைச் சாவிகளோடு ஒரே கொத்தில் தொங்குகிறது. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

யாராவது பெரியவர்கள் வரும் நாளில் கதவு திறக்கும். அன்று காலை விடுதி வாசலுக்கு ஆள் வரும். "மேடம், நல்ல டிரெஸ்ஸா போட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க" என்பதுதான் அழைப்பு. போவேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் கணினி ஒன்று அங்கே இருக்கிறது. அதன் முன் என்னை உட்கார வைப்பார்கள். விசைப்பலகையின் மேல் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கிறது. விரலை வைத்தால் சரசரக்கும். உறையைப் பிரித்த பிறகு இயந்திரத்துக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பது முடிவாகாததால் யாரும் பிரிக்கவில்லை. புள்ளி எழுத்தை அச்சடிக்கும் இயந்திரம் சுவரோரம் நிற்கிறது. அதன் பிளக் அந்த அறையில் இருக்கும் எந்த சாக்கெட்டிலும் நுழையாது. அதை நானே குனிந்து தடவிப் பார்த்தேன். வேறு யாராவது குனிந்து பார்த்தார்களா என்று தெரியவில்லை.

மேசைமேல் ஒரு தடித்த புள்ளி எழுத்துப் புத்தகம் வைப்பார்கள். எப்போதும் அதே புத்தகம். அது மூன்றாம் வகுப்புக் கணக்கு, வாய்ப்பாட்டுப் பகுதி. சில நாள் தலைகீழாக வைப்பார்கள். நான் திருப்பி வைத்தால், அட்டை தெரியவில்லை என்று படம் எடுப்பவர் சலித்துக்கொள்வார். ஒரு முறை வந்திருந்த உயர் அதிகாரி "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பதிவாளர் "ஹிஸ்டரி சார், ரிசர்ச்" என்றார். அப்போது என் விரலுக்கு அடியில் ஏழேழு நாற்பத்தொன்பது இருந்தது.

விருந்தினர்கள் இறங்கிப் போனதும் என்னையும் வெளியே விட்டுப் பூட்டிவிடுவார்கள். ஒரு முறை அவசரத்தில் என் குடை உள்ளேயே மாட்டிக்கொண்டது. கேட்டால், சாவி வாங்கத் தனியாக அனுமதி வேண்டும் என்றார்கள். அடுத்த விருந்தினர் வரும்வரை மழையில் நனைந்துகொண்டுதான் வகுப்புக்குப் போனேன். தாங்களும் ஒரு நாள் அந்த அறைக்கு வந்தீர்கள். என் தோளைத் தட்டி "வெரி குட், வெரி குட்" என்றீர்கள். அன்றுதான் நான் என் குடையை எடுத்துக்கொண்டேன். அதற்கும் நன்றி.

4. என் ஆய்வேடு இந்த மையத்தின் துணை இல்லாமல்தான் முடிந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். தெருக்குழாய் வந்த பிறகு பெண்களின் பொழுது எப்படி மாறியது என்பது என் ஆய்வு. குடம் சுமந்த பெண்களையும், குழாயடியில் சண்டை போட்டவர்களையும், குழாயைத் திறந்து மூடும் வேலை பார்த்த நகராட்சி ஊழியர்களையும் தேடிப் போய்ப் பேசினேன். எல்லாவற்றையும் பலகையும் ஊசியும் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதினேன். நடுவிரலில் காய்ப்பு ஏறியிருக்கிறது. அதை அக்கா தைத்துத் தைத்து வந்த தன் காய்ப்போடு ஒப்பிட்டு, தன்னுடையதுதான் பெரிது என்பார்.

5. கடந்த மாதம் "சாதனைகளும் வருங்காலத் தேவைகளும்" என்ற சிறப்பு மலரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. விரலுக்கு வழுக்கும் தாள். கண்ணாடிச் சட்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அக்கா எனக்குப் படித்துக் காட்டினார்.

ஏழாம் பக்கத்தில், சாதனைகள் பகுதியில், என் படம் இருக்கிறதாம். அதன் கீழ் எழுதியிருப்பது: "பார்வையற்றோர் வாழ்வியல் குறித்து ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்ற எம் மாணவி, வாசிப்பு மையத்தில் ஆய்வில் மூழ்கியிருக்கிறார்." ஒரே வாக்கியத்துக்குள் எத்தனை பொய்யை அடுக்க முடியும் என்பதற்கு இதை வகுப்பில் பாடமாகவே வைக்கலாம். என் ஆய்வு குழாயைப் பற்றியது. பார்வை இல்லாதவள் பார்வையற்றோரைப் பற்றித்தான் ஆராய்வாள் என்று யாரோ உட்கார்ந்த இடத்திலேயே முடிவு செய்திருக்கிறார்கள். பட்டம் நான் பெறவில்லை. மூழ்கியிருந்தது வாய்ப்பாட்டில்.

இருபத்து மூன்றாம் பக்கத்தில், வருங்காலத் தேவைகள் பகுதியில், அதே படம் கொஞ்சம் சிறியதாக இருக்கிறதாம். அங்கே எழுதியிருப்பது: "தமது ஆய்வை முடிக்கப் போராடிக்கொண்டிருக்கும் இம்மாணவி போன்றோருக்காக, நவீன வசதிகளுடன் கூடிய இரண்டாவது வாசிப்பு மையம் உடனடித் தேவை." கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே வெண்ணெயைப் பூட்டி வைத்துக்கொண்டு அலைகிறார்கள். ஐயா, முதல் மையத்தின் கதவைத் திறக்காதவர்களுக்கு இரண்டாவது மையம் எதற்கு? இன்னொரு கண்ணாடி மாட்டவா? ஏழாம் பக்கத்தில் வாங்கிய பட்டத்தை இருபத்து மூன்றாம் பக்கத்துக்குள் நான் எங்கே தொலைத்தேன் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

6. இந்த மலர் எங்கள் வீட்டில் செய்த வேலையையும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் அப்பா ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். ஒரு விஷயத்தைச் சொன்னால் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும்படி சொல்லிப் பழகியவர். யாரோ கொண்டுவந்து காட்டிய ஏழாம் பக்கத்தை, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தெரு முழுக்க வாசித்துவிட்டார். உறவுக்காரர்கள் தொலைபேசியில் வாழ்த்தினார்கள். சித்தப்பா தங்க நிறத்தில் ஒரு பேனா வாங்கிக்கொண்டு வந்தார். கண் தெரியாதவளுக்குப் பேனா எதற்கு என்று அவருக்கும் தோன்றவில்லை, வாங்கிக்கொண்ட எனக்கும் அப்போது தோன்றவில்லை. அவ்வளவு சத்தம் வீட்டில்.

நான் இன்னும் பட்டம் வாங்கவில்லை என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. "அச்சுல போட்டது பொய்யா இருக்குமா? புள்ள அடக்கமா பேசுது" என்றார் அத்தை. நான் மறுக்க மறுக்க என் அடக்கம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் அக்காதான் மற்ற பக்கத்தையும் எடுத்து உரக்கப் படித்தார்.  வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

எல்லோரும் போன பின் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னார். அவருடைய குரல் அவ்வளவு சின்னதாக வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். இப்போது அவர் மாலையில் நடக்கப் போகும் தெருவை மாற்றிக்கொண்டுவிட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாமல் போனாலும் பரவாயில்லை ஐயா, அது ஒரு மனிதரைத் தெரு மாற வைத்திருக்கிறது. எனக்கு இதில் ஆத்திரம் வருகிறது என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

7. ஆய்வேட்டைச் சமர்ப்பித்து வெகு காலமாகிறது. வெளியூர்த் தேர்வாளர்கள் இருவரும் அதை ஏற்று, பாராட்டியே அறிக்கை அனுப்பிவிட்டார்கள். எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன் என்று அவர்களில் ஒருவர் என் நெறியாளரிடம் சொல்லியும் வைத்திருக்கிறார். மிச்சம் இருப்பது வாய்மொழித் தேர்வுக்கு ஒரு தேதி. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதையாக அது நிற்கிறது. முதலில் ஒரு தேதி கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் தரத்துக்கு மதிப்பெண் போடும் மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று அதை ரத்து செய்தார்கள். குழுவின் வருகை தள்ளிப்போனது. மறுபடி ஒரு தேதி கொடுத்தார்கள். குழு மறுபடி வருவதாகச் சொன்னதும் அதுவும் ரத்தானது.

குழு வருவதற்கும் என் தேர்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஆய்வுப் பிரிவுக்குப் போனேன். பிரிவுக் கண்காணிப்பாளர் கெட்டவர் அல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டார், தேநீர் வரவழைத்தார். பிறகு அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் தருகிறேன்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க டிகிரி வாங்கிட்டுப் போயிட்டா அந்த ரூம்ல நாங்க யாரை உக்கார வைக்கிறது? ஸ்டூடண்ட்டே இல்லாத மையம்னு மார்க்கைக் குறைச்சுடுவாங்க. குழு வந்துட்டுப் போகட்டும், மறுநாளே தேதி."

அவர் குரலில் கூச்சமே இல்லை. விருந்தாளி வரும்வரை அந்த நாற்காலியை நகர்த்தாதே என்று வீட்டில் சொல்வோமே, அந்தத் தொனிதான். நான் அந்த நாற்காலி. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, அவர் சொன்னதை எழுத்தில் தரச் சொன்னேன். தரவில்லை. நான் வந்து போனதற்கு மட்டும் ஒப்புகை வேண்டும் என்று மைப்பெட்டியைத் திறந்து என் பெருவிரலைப் பிடித்தார்கள். எனக்குக் கையொப்பம் போடத் தெரியும் என்றேன். பரவாயில்லம்மா, இதுதான் பழக்கம் என்றார்கள். இந்தப் பல்கலைக்கழகத்துக்கே ஆய்வேடு எழுதிக் கொடுத்தவளின் பெருவிரலில் மை தடவி அனுப்பினார்கள். விடுதிக்கு வந்து தேய்த்துக் கழுவியும் போயிற்றா இல்லையா என்று தெரியாமல், அறைத் தோழியிடம் கையை நீட்டிக் கேட்க வேண்டியிருந்தது.

8. இதில் எனக்கு என்ன நஷ்டம் என்று தாங்கள் கேட்கக்கூடும். வேறு ஊரில் ஒரு மகளிர் கல்லூரி என்னை உதவிப் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. நேர்முகத் தேர்வில் அவர்கள் குழாயடிச் சண்டைகளைப் பற்றி என்னிடம் வெகுநேரம் கேட்டார்கள். கண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வெளியே வந்து அக்காவிடம் சொன்னபோது அவர் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். நிபந்தனை ஒன்றே ஒன்று: வகுப்புகள் தொடங்குவதற்குள் பட்டச் சான்று தர வேண்டும். என் தேர்வு தள்ளிப்போனதால் அவர்கள் ஒரு முறை பொறுத்துக்கொண்டார்கள். போன வாரம் அந்தக் கல்லூரி முதல்வர் பேசினார், இம்மாதக் கடைசிதான் கெடு. "இன்னொரு தடவை முடியாதும்மா, உங்களுக்கு அடுத்த இடத்துல இருக்கறவங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வேறு வழி தெரியாமல் மலரின் ஏழாம் பக்கத்தையே நகல் எடுத்து அனுப்பிப் பார்த்தோம். மலரைச் சான்றாக ஏற்க விதியில்லை என்று பதில் வந்தது. சரி, மலரில் உள்ளது உண்மைதான் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று ஆய்வுப் பிரிவில் கேட்டேன். "மலர்ல வர்றது விளம்பரம்மா, அதையெல்லாம் ஆதாரமா எழுதித் தர முடியாது" என்றார்கள். அப்படியானால் ஏழாம் பக்கத்தில் வந்தது தவறு என்றாவது எழுதித் தாருங்கள், என் அப்பாவிடம் காட்டுவதற்கு, என்றேன். அதற்கும் முடியாதாம்.

எனக்கு முப்பத்து நான்கு வயதாகிறது. இதுவரை நான் ஒரு மாதச் சம்பளம் வாங்கியதில்லை. பாராட்டு மட்டும் நிறைய வாங்கியிருக்கிறேன்.

9. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அக்கா எழுதச் சொல்கிறார். போன ஆண்டு இளங்கலை முதலாண்டில் பார்வையற்ற மாணவி ஒருத்தி சேர்ந்தாள். சேர்க்கை நேரத்தில் வாசலில் வைத்திருந்த விளம்பரப் பலகையில் என் படத்தைப் பார்த்துவிட்டு, இங்கே எல்லா வசதியும் இருக்கிறது என்று நம்பி அவள் அம்மா கொண்டுவந்து சேர்த்தார். வந்த சில நாளில் என் அறையைத் தேடி வந்து, "அக்கா, அந்த ரூம எப்பக்கா தொறப்பாங்க?" என்று கேட்டாள். விருந்தாளி வந்தால் திறப்பார்கள் என்றேன். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பாடங்களை வாசித்துக் காட்ட ஆள் தேடித் தேடி அலைந்தாள். இரண்டாம் பருவத்தில் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டாள், தபாலில் படிக்கிறாளாம்.

அவள் என் சிரிப்பை நம்பி வந்தவள். அந்தச் சிரிப்புக்கு நான் வெட்கப்படுகிறேன். அந்த அறை திறந்திருந்தால் அவள் இங்கேயே இருந்திருப்பாள். அவள் இருந்திருந்தால், யாரை உட்கார வைப்பது என்ற கவலை ஆய்வுப் பிரிவுக்கு வந்திருக்காது, என்னையும் பிடித்து வைத்திருக்க வேண்டியிருக்காது. ஒரு சாவியைத் திருப்பாததால் அவளை விரட்டினார்கள். அவளை விரட்டியதால் என்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இதை நிர்வாகம் என்று சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் கருத்து வேறுபாடு உள்ளது.

10. ஆகவே தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்வது: மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முன், அதை இதோடு முடிச்சுப் போடாமல், என் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வழங்க உத்தரவிட வேண்டும். அதற்குத் தேவை ஓர் அறையும் ஒரு முற்பகலும்தான். தேர்வில் நான் தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறேன், அது என் பாடு. மையத்தின் சாவியை விருந்தினர் மாளிகைக் கொத்திலிருந்து கழற்றி, நாள்தோறும் நூலகத்தைத் திறப்பவரிடம் கொடுக்க வேண்டும். விசைப்பலகை உறையைக் கிழிக்கும் பொறுப்பை வேறு யாரும் ஏற்காவிட்டால் நான் ஏற்கிறேன், எழுதியே தருகிறேன். சாக்கெட்டை மாற்ற ஒரு மின்பணியாளர் போதும். அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். பலகை அழுக்காகட்டும் ஐயா, அது அழுக்காவதற்காகச் செய்ததுதான்.

மலரைத் திருத்தி அச்சிடச் சொல்லி நான் கேட்கவில்லை. தேதி கொடுத்தால் ஏழாம் பக்கத்துப் பொய்களில் ஒன்றாவது தானாகவே உண்மையாகிவிடும்.

குழு இம்மாதக் கடைசியில் வருகிறது. நல்ல உடையில் வர வேண்டும் என்ற செய்தி விடுதி வாசலுக்கு நேற்றே வந்துவிட்டது. அதற்குள் என் தேர்வு நடந்து முடிந்தால், திறந்த கதவையும் அந்தக் காலி நாற்காலியையும் குழுவுக்குக் காட்டி, இங்கே படித்தவள் வேலைக்குப் போய்விட்டாள் என்று தாங்கள் சொல்லலாம். என்னை உட்கார வைத்துக் காட்டியதைவிட அதற்கு மதிப்பெண் கூடுதலாகவே கிடைக்கும் என்பது என் எளிய கருத்து.

நடக்காவிட்டாலும் நான் வருவேன். சொன்ன உடையில் வருவேன், காட்டிய நாற்காலியில் உட்காருவேன், படமும் எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பாட்டுப் புத்தகத்தை மட்டும் தேட வேண்டாம். இந்த மனுவை அனுப்புநர் முதல் கையொப்பம் வரை புள்ளி எழுத்தில் நானே குத்தி வைத்திருக்கிறேன். அன்று என் விரலுக்கு அடியில் இருக்கப்போவது அதுதான். அது வாய்ப்பாடா மனுவா என்று அந்த அறையில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பொண்ணு என்ன படிக்குது என்று குழுத் தலைவர் கட்டாயம் கேட்பார், இதுவரை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை பதிவாளர் சிரமப்பட வேண்டாம். நானே முதல் வரியிலிருந்து படித்துக் காட்டுவேன். எனக்கு அப்பாவின் குரல், கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும்.

இடம்: முதன்மை நூலகம், முதல் மாடி, பூட்டிய கதவுக்கு வெளியே உள்ள பெஞ்சு.
நாள்: குழு வரும் மாதத்தின் முதல் திங்கட்கிழமை.

இப்படிக்கு,
தங்கள் சாதனையும் தங்கள் தேவையுமான,

(கையொப்பம்)

பெருவிரல் ரேகை அல்ல. சித்தப்பா கொடுத்த பேனாவால் நானே இட்டது.